வீட்டிலே ஒரு பழைய டீசல் வாகன்

பழைய மோட்டார் வாகனம் வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுவதற்கு ஒப்பாகும் என்று நம்மவர் கூறுவதுண்டு. அவ்வாறு கூறுவோருட் பலர், அடைமழை இரவில் அவசரம் நேர்ந்தால் அந்த யானையின் முதுகைத் தேடியே வருபவர் என்பதையும் நாம் அறிவோம். ஆயினும் அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் ஓடித் தேய்ந்த ஓர் இயந்திரம் கவனிப்பாரற்றுக் கிடக்குமாயின், ஒரு குடும்பத்தின் சேமிப்பை ஒரே மாதத்தில் விழுங்கிவிட வல்லது. கவனிப்பாருடைய கையில் இருப்பின் அதுவே இன்னும் பல்லாண்டு உழைக்கும். இவ்விரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் பணத்தால் உண்டாவதன்று. தண்ணீராலும், எண்ணெயாலும், உடையவரின் செவியாலும் உண்டாவது.

ஸ்ரேஷன் வாகன் என்பது, மேற்கு நாடுகளிலே புகையிரத நிலையத்தில் வந்திறங்கும் பிரயாணிகளையும் அவர்தம் பெட்டி படுக்கைகளையும் ஏற்றிச் செல்வதற்கென எழுந்த வண்டி. பெயரும் அக்காரணம் பற்றியே வந்தது. ‘வாகன்’ என்னும் அச்சொல்லும் ‘வாகனம்’ என்னும் வடசொல்லும், சுமந்து செல்லுதல் என்னும் பொருளுடைய ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை என்பது மொழிநூலார் துணிபு. எனவே மூத்தவர்கள் ‘வாகனை’ ‘வாகனம்’ என்றே சொல்லிவிட்டாலும் பிள்ளைகள் நகைக்க வேண்டுவதில்லை.

நமது தெருக்களில் இன்றும் காணப்படும் டொயோட்டா கொரொல்லா வாகன், நிசான் ஏ.டி. வாகன் முதலியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. 2002 இலும் பின்னர் 2009 இலும் ஏ-9 தெரு திறக்கப்பட்டதன் பின்னரே இவை குடாநாட்டிற் பெருகின. பின்னாசனத்தை மடித்துவிட்டால் வெங்காய மூடைகளும் ஏறும். கலியாண வீட்டுக் கிடாரமும் ஏறும். நடக்கவியலாத அப்பாச்சியைப் பாயோடும் தலையணையோடும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவும் இயலும். சாதாரணக் காரொன்றில் இவை நடவா. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடையே பழைய வண்டிகளின் விலை வியக்கத்தக்கவாறு ஏறிற்று. விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம் என்றிருந்த குடும்பங்கள், உள்ளதைக் காப்பாற்றிக் கொள்வதே வழியெனக் கண்டன.

காப்பாற்றுவதற்கு முன்னர், காப்பது எதனை என்பதை அறிதல் வேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் பிளக் இல்லை. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றை மிகச் சிறிய இடத்துள் நெருக்கினால் அது தானே கொதிப்பேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்பின் அடி சுடுவதை மாணவர்கள் அறிவர். கொரொல்லா வாகன்களிற் பரவலாகக் காணப்படும் 1974 கன சென்றிமீற்றர் எஞ்சின், காற்றை ஏறத்தாழ இருபத்து மூன்றில் ஒரு பங்காக ஒடுக்குகின்றது. அக்கொதிகாற்றினுள் டீசல் நுண்துளிகளாகப் பீச்சப்பட்டதும் தீப்பற்றுகின்றது. ருடோல்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் இதற்கான உரிமத்தை 1892 இற் கோரி, 1897 இல் அவுக்ஸ்பேர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். 1900 இற் பாரிஸ் கண்காட்சியில் இவ்வினத்து எஞ்சின் ஒன்று கச்சான் எண்ணெயிலே ஓடிக் காட்டியது என்பது பலருக்குப் புதுமையாகத் தோன்றக்கூடும்.

இத்துணை நெருக்கமும் சூடும் உள்ள இடத்தில் முதற் பகை வெப்பமே. சிலிண்டர்கள் அமைந்த அடிப்பகுதி வார்ப்பிரும்பு. அதன்மேல் மூடியாக அமரும் ‘ஹெட்’ அலுமினியம். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும். சூடு மட்டாக இருக்கும்வரை இடையிலுள்ள கஸ்கெற் இவ்விரண்டையும் இணக்கி வைத்திருக்கும். சூடு எல்லை கடந்தால் ஹெட் வளையும், அல்லது வெடிக்கும். வெடித்த ஹெட்டைப் பெரும்பாலும் மாற்றியே ஆகவேண்டும்.

யாழ்ப்பாணத்தவர் இங்கே சிறப்பாகக் கவனிக்க வேண்டியதொன்றுண்டு. நமது நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். நமது கிணற்று நீர் கடின நீர். தேநீர்க் கேத்தலின் அடியில் வெண்படை பிடிப்பதை எந்த இல்லத்தரசியும் அறிவார். றேடியேற்றரின் குழாய்களோ கேத்தலிலும் பன்மடங்கு ஒடுங்கியவை. கிணற்று நீரை நாள்தோறும் ஊற்றி வருவோமாயின் அதே வெண்படை அக்குழாய்களிலும் எஞ்சினின் நீரோட்ட வழிகளிலும் படிந்து, வெப்பம் வெளியேறாது தடுக்கும். கரையோரத்து உவர்நீராயின் உலோகத்தையும் அரிக்கும். பற்றறிக்கு விடும் வடிநீரோடு, கூலன்ற் எனப்படும் நிறமூட்டிய திரவத்தைக் கலந்து நிரப்பி, இரண்டாண்டுக்கொருமுறை முற்றாக மாற்றுதலே முறை. அதற்கு வசதியில்லாதவர் ஓட்டில் விழும் முதல் மழையை விடுத்துப் பின்வரும் மழைநீரையேனும் வடித்துச் சேமித்து வைத்தல் நன்று. ஊரெங்கும் கிணறு இருக்க மழைநீரைப் போத்தலில் அடைக்கின்றாரே என்று அயலவர் நகைப்பர், நகைக்கட்டும்.

எமது கல்லூரியிற் கற்பிக்கும் நண்பரொருவர் குடும்பத்துடன் கொழும்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். மாங்குளத்தைக் கடந்ததும் வெப்பங் காட்டும் முள் மெல்ல ஏறத் தொடங்கியது. பின்னே நித்திரையாயிருந்த பிள்ளைகளைக் காட்டுத் தெருவில் எழுப்ப மனம் வரவில்லை. “இன்னுங் கொஞ்சத் தூரந்தானே, பிள்ளையாரடியில் நிற்பாட்டுவோம்” என்று அவர் மனைவியாரும் சொன்னார். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தியபோது முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. துணியைப் போட்டு மூடியைத் திறந்து, ஆவி அடங்கியதும் ஒரு வாளி குளிர்ந்த நீரை ஊற்றினார். எஞ்சின் அன்று மீண்டும் இயங்கவில்லை. லொறியொன்றிற் கட்டி இழுத்துவந்த கூலியும், ஹெட்டுக்கும் கஸ்கெற்றுக்கும் ஆன செலவும் சேர்ந்து அவருடைய மூன்று மாதச் சம்பளத்தை மிஞ்சின. மூத்த மகளின் பல்கலைக்கழக அனுமதிக்கெனச் சேர்த்து வைத்திருந்த பணம் அதுவென்று பின்னரே அறிந்தோம்.

முள் நடுவைத் தாண்டியவுடன் செய்யவேண்டியவை சிலவே. குளிரூட்டியை நிறுத்துக. வண்டியிலுள்ள வெப்பமூட்டியை முழுதாகத் திறந்துவிடுக. ஜப்பானியக் குளிருக்கென அமைத்த அச்சிறு கருவி எஞ்சினின் சூட்டிற் கொஞ்சத்தை உள்ளே இழுத்துவிடும். நமக்கு வியர்க்கும், எஞ்சின் பிழைக்கும். ஓரங்கட்டி நிறுத்தி, அரைமணி நேரமாவது மூடியைத் தொடாது இருத்தல் வேண்டும். பிள்ளைகளுக்கு நித்திரை கலைந்தாற் கலையட்டும். நெடுந்தூரப் பயணத்தில் முறிகண்டியில் நின்று தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிச் செல்லும் நம்மவர் மரபு பெரிதும் போற்றத்தக்கது. தேங்காய் உடைக்கும் கையோடு வண்டியின் முன்மூடியையும் திறந்து, நீர் ஒழுகுகின்றதா, பெல்ற் தளர்ந்ததா என ஒருமுறை பார்த்துக்கொண்டால் அம்மரபின் பயன் இரட்டிப்பாகும்.

அடுத்து ரைமிங் பெல்ற். பற்களையுடைய இறப்பர்ப் பட்டியொன்றே வால்வுகளையும் டீசல் பம்பையும் எஞ்சினின் சுழற்சியோடு இசைத்து ஓட்டுகின்றது. பெல்ற் அறுந்தால், மேலேறும் பிஸ்ரன் திறந்து நிற்கும் வால்வை மோதி வளைத்துவிடும். இவ்வகை எஞ்சின்களுக்கு 100,000 கிலோமீற்றருக்கொருமுறை இதனை மாற்றுதல் விதி. கைமாறி வந்த வண்டியில் கிலோமீற்றர்க் கணக்கை நம்புவதற்கில்லை. ஆதலால் வாங்கிய வாரமே புதிது போட்டு, திகதியைத் தாளில் எழுதி எஞ்சினின் மூடியில் ஒட்டிவைப்பது அறிவுடைமை.

எஞ்சின் ஒயிலைப் பொறுத்தவரை, புதிது ஊற்றிய மறுநாளே கறுத்துவிட்டதென அஞ்ச வேண்டியதில்லை. டீசலின் கரியை ஒயில் ஏந்திக்கொள்வதால் வரும் நிறம் அது. 5,000 கிலோமீற்றருக்கொருமுறை மாற்றினாற் போதும்; அளவு குறைகின்றதா என்பதே கேள்வி. இங்கே பலர் அறியாத நுட்பமொன்று உண்டு. பெற்றோல் எஞ்சின் தான் காற்றை உறிஞ்சும் வலிமையாலேயே பிறேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடத்தை உண்டாக்கும். டீசல் எஞ்சினில் அவ்வசதி இல்லாமையால் தனியாக ஒரு வெற்றிடப் பம்பு வைத்துள்ளனர். டொயோட்டா டீசல்களில் அது மின்பிறப்பாக்கியின் முதுகில் அமர்ந்திருக்கும். அதற்கு எஞ்சின் ஒயிலே உயவு. அந்த ஒயிற் குழாய் வெடித்துக் கசியுமாயின் எஞ்சினின் ஒயில் முழுதும் தெருவிலே வடிந்துவிடும். பம்பே பழுதாயின் பிறேக் மிதி கல்லாக இறுகும். மிதி முன்னையிலும் வன்மையாயிற்று என்று தோன்றிய அன்றே கராஜுக்குக் கொண்டு செல்க.

டீசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எரிபொருள் வடியின் அடியில் ஒரு சிறு திருகு இருக்கும். அதனைத் தளர்த்தி, மேலுள்ள கைப்பம்பை அழுத்தினால் அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வெளியேறும். மாதமொருமுறை செய்யலாம், வளர்ந்த பிள்ளைகளிடமும் ஒப்படைக்கலாம். 2022 ஜூன் இறுதியில் டீசல் லீற்றருக்கு 460 ரூபாவாக ஏறியபோது, மண்ணெண்ணெய் 87 ரூபாவிலேயே நின்றது. கலந்து ஊற்றும் ஆசை பலருக்குப் பிறந்தது. “தடைக்காலத்திலே நமது கார்கள் மண்ணெண்ணெயில் ஓடவில்லையா?” என்று அவர்கள் கேட்டனர். ஓடின. 1990களில் ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் துளி பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயிற் குடாநாட்டைச் சுற்றிவந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். ஆனால் அவை பெற்றோல் எஞ்சின்கள். டீசல் பம்பினுள் மயிரிழை இடைவெளியில் உராயும் பாகங்களுக்கு, அவற்றினூடு பாயும் டீசலே உயவெண்ணெய். மண்ணெண்ணெயில் அவ்வழுவழுப்புக் குறைவு; மிச்சம் பிடித்த காசு பின்னர் பம்பு திருத்துவோனிடம் வட்டியுடன் சேரும்.

புகையின் நிறம் நோயின் குறி. கறுப்பாயின் காற்று போதாது அல்லது நொசில் பழுது; பெரும்பாலும் காற்றுவடியை மாற்றியதும் பாதி குறையும். நீலமாயின் ஒயில் எரிகின்றது. காலையிற் சற்று நேரம் வெண்புகை வந்து மறைந்தால் ஹீற்றர் பிளக்குகளைச் சோதிக்க வேண்டும். சூடேறிய பின்னரும் நில்லாது வருமாயின் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுகின்றதெனக் கொள்க.

கறும்புகையைப் பற்றி மட்டும் நம்மவரின் பொறுமை எமக்கு உடன்பாடன்று. டீசற் புகை புற்றுநோயை விளைப்பது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012 இல் உறுதியாக வகுத்துரைத்தது. புகைப் பரிசோதனைக்கு முதல்நாள் மட்டும் பம்பைத் திருகி டீசலைக் குறைத்து, அனுமதிப்பத்திரம் கிடைத்ததும் பழையபடி கூட்டிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நமக்குப் பின்னே சைக்கிளிற் பாடசாலைக்குப் போகும் பிள்ளை அதனைச் சுவாசிக்கின்றது. அன்றியும், நீண்ட மரமோ குழாயோ ஏற்றிப் பின்கதவைத் திறந்தபடி ஓடும்போது, வாகனின் பின்னே ஏற்படும் காற்றுச் சுழல் புகையை உள்ளேயே இழுக்கும். அத்தகைய பயணத்தில் பிள்ளைகளை ஏற்றவே கூடாது.

எப்போது கைவிடுவது என்று கேட்பாருமுளர். ஹெட், பம்பு, கியர்ப்பெட்டி ஆகியவற்றுக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் மாற்றுப் பாகம் தேடலாம். அடிச்சட்டத்தைத் துரு தின்றுவிட்டால் அதற்கு மாற்றில்லை. கடற்காற்று வீசும் ஊர்களில் ஆண்டுக்கொருமுறை வண்டியை உயர்த்தி அடியைத் தட்டிப் பார்ப்பது அவசியம். தட்டும் சுத்தியல் உள்ளே இறங்குமாயின், எஞ்சின் எத்துணை இனிமையாக ஓடினாலும் குடும்பத்தை அதில் ஏற்றலாகாது.

புதிதாக ஒரு பழைய வாகனை வாங்கக் கருதுவோர், பார்க்கப் போகும் வேளையைக் காலையாக வைத்துக்கொள்க. முன்மூடியின்மேற் கையை வைத்துப் பார்த்து, குளிர்ந்திருந்தாற் கிளப்பச் சொல்க. உடனே பற்றுகின்றதா, என்ன நிறத்திற் புகைகின்றது, ஒயில் ஊற்றும் வாயைத் திறந்தால் ஆவி குபுகுபுவென எழுகின்றதா என்று கவனிக்க. நாம் போய்ச் சேரும்போதே மூடி சுடுமாயின், விலை பேசாது தேநீரைக் குடித்துவிட்டு, மறுநாட் காலை சொல்லாமல் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.