பழைய டப்பாவும் நோயாளியின் உணவும்



மேனாம்பேட்டிலுள்ள நம் ஆஸ்பத்திரி வார்டுகளில் மத்தியான வேளையில் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் ரசம் சாதத்தையும், குளிர்பான பாட்டிலில் சூடான கஞ்சியையும், பெயின்ட் வாளியில் சாம்பாரையும் காண்கிறோம். எல்லாம் அன்பினால் வருபவை. ஒன்றையும் நாங்கள் அற்பமாய் எண்ணுகிறதில்லை. ஆனாலும் ஒரு காரியத்தை உங்களுக்குத் தெரிவிப்பது எங்கள் கடமை.

பிளாஸ்டிக்கை வளையச் செய்யவும் நிறமூட்டவும் பல ரசாயனங்கள் சேர்க்கப்படுகின்றன. சூடு, எண்ணெய், புளிப்பு ஆகிய மூன்றும் அவற்றை உணவுக்குள் இறங்கச் செய்யும். நம் சாம்பாரில் இம்மூன்றும் உண்டு! டப்பா பழசாகி, வெயிலில் காய்ந்து, கீறல் விழுந்தால் ஆபத்து கூடும். கீறலுக்குள் தங்கும் கிருமிகள் சோப்புப் போட்டுக் கழுவினாலும் எளிதில் போகாது. பெலவீனமான நோயாளிகளும் குழந்தைகளும் கர்ப்பவதிகளும் அதிக கவனமாயிருக்க வேண்டும். பால் புட்டிகளைப் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் செய்யக்கூடாது என்று 2015-ல் இந்தியத் தர நிர்ணயத்தில் விதிக்கப்பட்டதும் இதனாலேயே.

உணவுக்கென்று செய்யப்படாத டப்பாவோ உயிருக்கே ஆபத்து. 2013 ஜூலை 16-ல் பீகார் மாநிலம் சரண் மாவட்டப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் மரித்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து இருந்ததைச் சோதனை காட்டியது. பூச்சிமருந்து இருந்த டப்பாவில் எண்ணெய் வைக்கப்பட்டிருந்ததாகப் போலீசார் கூறினர்.

2 இராஜாக்கள் 4-ம் அதிகாரத்தில், பஞ்ச காலத்தில் பசித்தவர்களுக்காகக் காட்டுக் காய்களைக் கூழ்ப் பானையில் அரிந்து போட்டவனும் தீங்கு நினைக்கவில்லை. அவை இன்னதென்று அறியாதிருந்தான். நல்ல மனதோடு அறிவும் வேண்டும் என்று இதிலே கற்றுக்கொள்கிறோம்.

ஆகையால் அன்பானவர்களே:

1. சூடான உணவை எவர்சில்வர் தூக்கிலோ டிபன் கேரியரிலோ கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் கவரில் சூடான சாம்பாரோ டீயோ வாங்காதீர்கள்.

2. பெயின்ட், பினாயில், பூச்சிமருந்து, உரம் இருந்த டப்பாக்களை எவ்வளவு கழுவினாலும் உணவுக்கோ தண்ணீருக்கோ உபயோகிக்க வேண்டாம்.

3. கீறல், வெடிப்பு, நிறமாற்றம், வாடை உள்ள டப்பாக்களைச் சமையலறையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆணி, ஊசி, நூல் வைக்க அவை உதவும்.

4. ஒருமுறை உபயோகத்துக்கான தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றாதீர்கள்.

ஏழை நோயாளிகளுக்குத் துணையிருப்போர் பலரிடம் ஒரு தூக்குகூட இல்லை. அதனால்தான் கைக்குக் கிடைத்த டப்பாவில் வாங்குகிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் உபயோகமின்றிக் கிடக்கும் எவர்சில்வர் தூக்கு, டம்ளர், கேரியர் இருந்தால் காணிக்கையாக அனுப்பிவையுங்கள். பழசானாலும் ஓட்டையில்லாதிருந்தால் போதும். கொதிநீரில் சுத்தம் செய்து வார்டுகளில் கொடுப்போம்.

நோயாளிகளுக்காகவும் அவர்களுக்கு உணவு சுமந்து வருகிறவர்களுக்காகவும் தொடர்ந்து ஜெபியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

அவருடைய பணியில்,
ஆஸ்பத்திரி போதகர்