வேலை இல்லாதபோதும் நூறு சதவீதம்

வேலூர் லாங் பஜாரில் ஒரு மாடி அறையிலிருந்து கடைகளுக்கும் வீடுகளுக்கும் பிராட்பேண்ட் கொடுப்பது என் தொழில். இரவு இரண்டு மணிக்கு மண்டிக் கடைகள் எல்லாம் ஷட்டர் இறக்கியிருக்கும், இன்டர்நெட் போக்குவரத்தும் அடங்கிவிடும். அந்த நேரத்தில் ரவுட்டர் சர்வரில் ‘டாப்’ கட்டளையைக் கொடுத்தால், தகவல் பாக்கெட்டுகளைக் கையாளும் சிபியு கோர் 100 சதவீதம் உழைப்பதாகவே காட்டும். அக்னி நட்சத்திர வெயிலில் ஏசி திணறும்போதும், கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போதும் இந்த நூறு எனக்குப் பெரிய கவலை.

காரணம் எளிது. ஒரு மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டைகள் வந்து இறங்குகின்றன. ஒவ்வொரு மூட்டைக்கும் பையன் ஓடிவந்து முதலாளியைக் கூப்பிட்டால் அவரால் கணக்கெழுத முடியாது. வாசலிலேயே ஓர் ஆளை நிறுத்தினால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வண்டியே வராத நேரத்துக்கும் அவருக்குக் கூலி உண்டு. கூப்பிடும் முறைக்குக் கணினியில் பெயர் இன்டரப்ட். வாசலிலேயே நிற்பது போலிங்.

கூப்பாடு அளவுக்கு மீறினால் சர்வர் முடங்கியே போகும். வந்ததை வாங்குவதிலேயே நேரமெல்லாம் கழிந்து, ஒரு பாக்கெட்டும் வெளியே போகாது. ஜெஃப்ரி மோகலும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்த கே.கே.ராமகிருஷ்ணனும் 1996-லேயே இதை அளந்து காட்டினார்கள். நெரிசல் கூடினால் இன்டரப்டை நிறுத்திவிட்டுப் போலிங்குக்கு மாறுவதே அவர்கள் சொன்ன வழி. லினக்ஸ் இயங்குதளத்தில் பாக்கெட்டுகளை வாங்கும் ‘நாப்பி’ என்ற முறையும் இதே வழியில்தான் நடக்கிறது.

வேகம் ஏறியதும் அதுவும் போதவில்லை. 10 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகளாக வந்தால் நொடிக்கு 1.488 கோடி. ஒன்றுக்குக் கிடைப்பது 67 நானோ நொடி. அதனால் இன்டெல்லில் உருவான ‘டிபிடிகே’ மென்பொருள், இயங்குதளத்தை ஒதுக்கிவிட்டு நெட்வொர்க் கார்டையே ஓயாமல் பார்க்கிறது. அதன் தந்தை என்று அழைக்கப்படும் வெங்கி வெங்கடேசன் 2018-ல் காலமானார். அந்த ஆண்டின் 18.05 பதிப்புக்கு ‘வெங்கி’ என்றே பெயர் வைத்தார்கள். டிபிடிகே-யில் ஓடும் என் சர்வரின் அந்த நூறு சதவீதம் இந்த ஓயாத பார்வையின் விலைதான்.

சும்மா இருக்கும்போது கோரைத் தூங்க வைத்தால் என்ன? எவ்வளவு நேரம் என்பதில்தான் சிக்கல். கார்டின் வரிசையில் 1,024 பாக்கெட்டுக்கு இடம் இருந்தால், மேலே சொன்ன நெரிசலில் 69 மைக்ரோ நொடியில் அது நிரம்பிவிடும். அதற்குமேல் தூங்கினால் பாக்கெட் இடமின்றித் தவறி விழும். லினக்ஸிடம் 10 மைக்ரோ நொடி தூக்கம் கேட்டாலும், வழக்கமான அமைப்பில் அது மேலும் 50 வரை தாமதித்து எழுப்பக்கூடும். ஆகவே மனம்போன போக்கில் ஒரு ‘ஸ்லீப்’ போடுவது ஆபத்து.

நல்ல வழிகள் இருக்கின்றன. புதிய இன்டெல் சிப்களில் ‘யூஎம்வெயிட்’ என்றொரு கட்டளை உண்டு. குறிப்பிட்ட நினைவக இடத்தில் கார்டு எழுதும்வரை கோர் குறைந்த மின்சாரத்தில் காத்திருக்கும், எழுதியதும் விழிக்கும். தொடர்ந்து பார்த்தும் பாக்கெட் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பினால் கோரின் வேகத்தைக் குறைக்கும் வசதியும் டிபிடிகே-யில் உண்டு. டிபிடிகே இல்லாமல் லினக்ஸையே நம்பும் சர்வர்களுக்கு, 2025 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.13 ஒரு வழி தந்தது. வேலை இருக்கும்வரை போலிங், ஓய்ந்ததும் இன்டரப்ட். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் கார்ஸ்டனும் ஃபாஸ்ட்லி நிறுவனத்தின் ஜோ டமாட்டோவும் முன்னின்று செய்த இந்த மாற்றத்தின் மையம் ஏறக்குறைய 30 வரி நிரல்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். யூஎம்வெயிட்டில் காத்திருக்கும் கோரையும் ‘டாப்’ 100 சதவீதம் என்றே காட்டும், ஏனென்றால் அந்தக் காத்திருப்பு இயங்குதளத்துக்குத் தெரியாது. அதனால் அந்த எண்ணை வைத்துப் புது சர்வர் வாங்கவும் கூடாது, மின்சாரம் மிச்சமாகவில்லை என்று முடிவு கட்டவும் கூடாது. பார்க்கவேண்டியவை மூன்று: நூறு முறை பார்த்ததில் எத்தனை முறை வெறுங்கை, எத்தனை பாக்கெட் விழுந்தது, எத்தனை வாட் செலவானது.

சிறு ஊர்களில் நெட்வொர்க் நடத்துகிறவர்களும், இங்கே விஐடி போன்ற கல்லூரிகளில் நெட்வொர்க் படிக்கும் பிள்ளைகளும் இந்த மூன்றையும் ஒரு முழு நாள், இரவும் சேர்த்து, அளந்து பாருங்கள். அதன்பிறகு எந்த வழி என்று தீர்மானியுங்கள்.