ஆபுத்திரன் வேட்கையும் மூளையின் ஊக்க நெறியும்

ஆனித் திருவிழாக் காலத்திலே குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்காகக் காத்து நிற்கும் மக்களைக் காண்போர்க்கு ஒரு வினா எழுதல் இயல்பு. பண்ணைத் தாம்போதியையும் வேலணையையும் புங்குடுதீவையும் கடந்து, வெயிலில் வாடி, நெருக்குண்டு, பின்னர்க் கடலையும் கடந்து செல்லும் இவர்களை உந்துவது யாது? பக்தி என்பது தக்க விடையே. எனினும், அப்பக்தி ஒருவனை எழுப்பி நடத்துங்கால் அவன் மூளையினுள்ளே நிகழ்வது என்ன என ஆராய்தல் பக்திக்கு இழுக்காகாது. உண்ணல், கற்றல், ஈதல், கூடி வாழ்தல் ஆகிய செயல்களுக்கெல்லாம் நம்மைத் தூண்டும் நரம்பு வழி ஒன்று உண்டு. அதனை ஊக்க நெறி என ஈண்டு வழங்குவாம்.

1954ஆம் ஆண்டிலே கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீற்றர் மில்னர் என்னும் இருவர் எலியின் மூளையுள் மெல்லிய மின்கம்பியைச் செலுத்தினர். எலி தானே ஒரு நெம்புகோலை அழுத்தின் சிறிது மின்னோட்டம் பாயும். கம்பி சில இடங்களிற் பதிந்திருந்தபோது, எலி ஓயாது நெம்புகோலை அழுத்தலாயிற்று. மூளையின் ‘இன்ப மையம்’ அகப்பட்டுவிட்டது எனப் பலரும் ஆரவாரித்தனர். அஃது அவசர முடிபு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நடுமூளையின் அடியிலுள்ள சிறு நரம்புக்கலத் தொகுதி ஒன்றினின்று முன்மூளையின் அடிப்பகுதிக்கும் நெற்றிப்புற மூளைக்கும் செல்லும் இழைகளே இந்நெறியின் முதன்மையான பாதையாகும். அவ்விழைகள் சொரியும் இரசாயனப் பொருள் டோபமீன்.

டோபமீனின் தொழில் வெளிப்பட்ட வரலாற்றிலே நம் வைத்திய நூல்கள் போற்றிய மூலிகை ஒன்றுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தா என்னும் அம்மூலிகையின் வேர் சித்தப்பிரமைக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுமென 1931இல் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் எழுதினர். 1949இல் பம்பாய் வைத்தியர் றுஸ்தம் வகீல், இரத்த அழுத்தத்தில் அதன் பயனை ஆங்கில வைத்திய இதழொன்றில் வெளியிட, மேலைநாட்டார் கண் அதன்மேற் சென்றது. 1952இல் சுவிற்சலாந்து இரசாயனர் அவ்வேரினின்று றிசேர்ப்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர். சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் அச்சத்தை முயல்களுக்குச் செலுத்தியபோது, அவை காது தொங்கி, அசைவற்றுக் கிடந்தன. டோபமீனாக மாறவல்ல எல்-டோபா என்னும் பொருளைச் செலுத்தியதும் சிறிது நேரத்தில் அவை எழுந்து நடமாடின. இச்சோதனை 1957இல் வெளியாயிற்று. கார்ல்சன் 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். பாம்பின் பெயர் பூண்ட வேரொன்று இவ்வுண்மைக்கு வாயிலானமை, நாகபூஷணி கோயில்கொண்ட தீவினர்க்கு உவப்பளிக்கும் செய்தியன்றோ!

ஆயின், டோபமீன் என்பது இன்பமோ? அன்று என்றே கூறல் வேண்டும். மிச்சிக்கன் பல்கலைக்கழகத்துக் கென்ற் பெரிஜ் என்பாரும் அவர்தம் துணைவரும் எலிகளின் டோபமீன் இழைகளை அழித்துப் பார்த்தனர். அவ்வெலிகள் உணவை நாடிச் செல்லவில்லை. ஆயினும், இனிப்பு நீரை வாயில் விட்டபோது முன்போலவே நாவைச் சுழற்றிச் சுவைத்தன. எனவே, சுவைத்தல் வேறு, வேட்டல் வேறு. டோபமீன் வேட்கைக்கு உரியது. இன்பம் சிறிதுந் தராத ஒன்றையும் மனிதன் விடாது நாடுவது எங்ஙனம் என்பதற்கு இவ்வேறுபாடே திறவுகோல். குடிகாரர் பலர் இதனை வாய்விட்டுச் சொல்லவுங் கேட்கலாம். குரங்குகளை ஆராய்ந்த வொல்பிராம் ஷூல்ற்ஸ் மற்றொன்று கண்டார். பரிசு பழகியபின், டோபமீன் கலங்கள் பரிசு கிட்டும்போது அன்றி, அதனை அறிவிக்கும் குறி தோன்றும்போதே கிளர்கின்றன. படகு துறையை அணையுமுன், தொலைவில் அதன் உருத் தெரிந்தவுடனேயே துறையிலிருப்போர் மூட்டை முடிச்சுகளோடு எழுந்து நிற்றலை இதற்கு ஒப்பிடலாம். எதிர்பார்த்த பரிசு வாராதொழியின் அக்கலங்களின் தொழிற்பாடு தளர்கின்றது.

உளநெருக்கடிக்கும் இந்நெறிக்கும் உள்ள தொடர்பு பற்றிப் பெங்களூர்த் தேசிய மனநல நரம்பியல் விஞ்ஞான நிறுவகத்தார் செய்த ஆராய்ச்சி நம்மவர் நன்கு அறியத்தக்கது. எலிகளை மூன்று வாரம் நாடோறும் அசையவொட்டாது அடைத்து வைத்தபோது, நினைவுக்கு இன்றியமையாத மூளைப்பகுதியிலே நரம்புக்கலங்களின் கிளைகள் குறுகின. வழி கற்கும் ஆற்றலும் குன்றிற்று. பின்னர் அவ்வெலிகளுக்கு, ஓல்ட்ஸ் எலிகளுக்குப் போலத் தம் ஊக்க நெறியைத் தாமே தூண்டும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. குறுகிய கிளைகள் மீண்டும் விரிந்தன, நினைவும் மீண்டது. 2008இல் வெளியான இம்முடிபை, பிரம்பையும் பரீட்சைப் பயத்தையுமே நம்பியிருக்கும் ஆசிரியர் சற்றுச் சிந்திப்பாராக. எலியினின்று மாணாக்கனுக்கு ஒரே பாய்ச்சலிற் செல்லலாகாது என்பது மெய்யே. எனினும், நெருக்கடியால் நேர்ந்த ஊறு மீளத்தக்கது என்னும் அளவில் இது பெரியதோர் ஆறுதல்.

இனி, கூடி வாழும் வேட்கையைக் காண்போம். 2020இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் லிவியா ரொமோவா என்பாரும் பிறரும் நாற்பதின்மரை ஒருநாள் பத்து மணிநேரம் தனிமையிலும், மற்றொருநாள் அவ்வளவு நேரம் பட்டினியிலும் இருத்தினர். பசித்தவர் உணவின் படத்தைக் கண்டபோது நடுமூளையில் எவ்விதக் கிளர்ச்சி தோன்றிற்றோ, தனித்திருந்தவர் மனிதர் கூடியிருக்கும் படத்தைக் கண்டபோதும் அத்தகையதே தோன்றிற்று. தனிமை என்பது ஒருவகைப் பசி என்னும் கூற்று வெறும் அணியன்று. ஈதலுக்கும் இத்தகைய அடிப்படை உண்டு. அறப்பணிக்குப் பணம் வழங்க இசைந்தோரின் மூளையில், தாம் பணம் பெறும்போது இயங்கும் நெறியே இயங்கிற்று என ஜோர்ஜ் மோல் குழுவினர் 2006இல் காட்டினர்.

இவ்விரண்டையும் ஒருங்கே பெற்ற கதையொன்று நம் தீவுக்கே உரியதாயிருப்பது வியப்பு. மணிமேகலையிற் பேசப்படும் மணிபல்லவம் நயினாதீவே என அறிஞர் பலர் கருதுவர். அமுதசுரபி ஏந்திப் பசித்தோர்க்கு ஊட்டிவந்த ஆபுத்திரன், இந்திரன் தர வந்த வரத்தையும் நகைத்து மறுத்தான். உண்டார் முகங் காண்பதே அவனுக்குப் பேறு. சினந்த இந்திரன் பாண்டிநாட்டில் மழை பெய்வித்தான். நாடு செழித்தது, இரப்போர் ஒழிந்தனர், அவன் ஏளனத்துக்கு ஆளானான். சாவகத்திற் பஞ்சம் எனக் கேட்டுக் கலமேறினான். கலம் மணிபல்லவத்தில் தங்கிற்று. இறங்கிய அவனை விட்டு நீங்கிற்று. ஊட்டுதற்கு ஒருவருமற்ற அத்தீவில், வற்றாத பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விடுத்து, உண்ணாது உயிர் நீத்தான். ஊக்கம் எவ்வளவேனும், அதனை ஏற்க மற்றொருவர் இல்லையாயின் அது நிற்க இடமின்றிப் போதலைச் சாத்தனார் எத்துணை நுட்பமாகக் கண்டிருக்கின்றார்!

1990, 1991ஆம் ஆண்டுகளின் போர்க்கால இடப்பெயர்வின் பின்னரும், பிள்ளைகள் கடல் கடந்து சென்ற பின்னரும், தீவகத்து வீடுகள் பலவற்றில் முதியோர் தனித்திருக்கின்றனர். அனுப்பப்படும் பணத்தால் உணவுக்குக் குறைவில்லை என்பர். பசியின்மையையும் சோர்வையும் மூப்பின் மேல் ஏற்றிவிடுவர். சமைப்பதற்கு ஆற்றலிருந்தும் உண்பார் ஒருவருமின்மையால் அடுப்பு மூட்டாதிருக்கும் அன்னையர் இவர்களுட் பலர். நயினாதீவிலே அமுதசுரபி என்னும் பெயராலேயே ஓர் அன்னதான மண்டபம் நடைபெறுகின்றது. திருவிழா நாள்களிற் காய் நறுக்கவும் பரிமாறவும் அழையாமலே வந்து முந்துபவருள் இத்தகைய முதியோரும் உளர்.