கொட்டில் நாற்றத்தைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்ப் படுகை

புதுச்சேரி நகருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கனகசெட்டிக்குளம் போன்ற கடலோர ஊர்களில் வீட்டுமனைகள் பெருகப் பெருக, மாட்டுக் கொட்டிலுக்கும் குடியிருப்புக்கும் இடையிலான வெளி சுருங்கிவருகிறது. நாற்றத்தைக் காரணம் காட்டிக் கால்நடை வளர்ப்போரை வெளியேறச் சொல்வதும், அயலார் அதைச் சகித்துத்தான் ஆக வேண்டும் என்பதும் நியாயமான தீர்வுகள் ஆகா. நாற்றத்தை அது பிறக்கும் இடத்திலேயே அழிக்கும் வழிகளுள் ஒன்றான உயிரிவடிகட்டி, இச்சிக்கலில் கருதிப் பார்க்கத்தக்கது.

கொட்டில் நாற்றம் ஒரே பொருளால் ஆனதன்று. மாட்டின் சிறுநீரிலுள்ள யூரியா, சாணத்திலுள்ள யூரியேஸ் என்னும் நொதியோடு சேரும்போது அம்மோனியாவாகச் சிதைகிறது; சாணம் காற்றுப் புகாமல் தேங்கி அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடும், கொழுப்பு அமிலங்களும், ஸ்கேட்டோல் போன்ற சேர்மங்களும் ஆவியாகக் கிளம்புகின்றன. இவற்றில் பல, காற்றில் மிகச் சிறிதளவே இருந்தாலும் மூக்கு அறியக்கூடியவை.

உயிரிவடிகட்டி என்பது மரச்சில்லுகளும் மட்கிய உரமும் கலந்து பரப்பிய ஒரு படுகையாகும். கொட்டிலின் காற்றை மின்விசிறியால் இழுத்து, படுகைக்கு அடியில் விடப்பட்ட வெற்றிடத்தில் செலுத்தினால், அது கீழிருந்து மேலாக ஊடுருவி வெளியேறுகிறது. சில்லுகளின் ஈரப்பரப்பில் நாற்றப் பொருள்கள் கரைய, அங்கே மெல்லிய படலமாகப் படிந்து வாழும் நுண்ணுயிரிகள் அவற்றை உணவாக்கிக்கொள்கின்றன. இவ்வாறு அம்மோனியா நைட்ரேட்டாகவும், ஹைட்ரஜன் சல்ஃபைடு சல்ஃபேட்டாகவும், கரிமச் சேர்மங்கள் கரியமில வாயுவும் நீருமாகவும் மாறுகின்றன. வாசனைத் தெளிப்பான் நாற்றத்தை மறைக்கிறது. இப்படுகையோ அதைச் சிதைத்து இல்லாமலாக்குகிறது.

படுகையின் அளவை முடிவு செய்வது, காற்று அதனுள் தங்கும் நேரமாகும். கால்நடைக் கொட்டில்களுக்கு ஏறத்தாழ 5 விநாடி போதுமானதாகக் கொள்ளப்படுகிறது. விநாடிக்கு 10 கன மீட்டர் காற்றைத் தள்ளும் பெரிய விசிறி ஒன்றுக்கு இக்கணக்கின்படி 50 கன மீட்டர் படுகைப்பொருள் தேவை; அதை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்பினால் சுமார் 167 சதுர மீட்டர் இடம் பிடிக்கும். இடத்தை மிச்சப்படுத்த ஆழத்தைக் கூட்டினாலோ, காற்றுக்குத் தடை மிகுந்து விசிறி திணறும்.

செருமனி, நெதர்லாந்து போன்ற நாடுகளில் பன்றிக் கொட்டில்களில் இம்முறை நெடுங்காலமாகப் பயன்பட்டுவருகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1990களில் குறைந்த செலவிலான திறந்த படுகைகளை ஆராய்ந்து பரப்பியது. நன்கு பேணப்படும் படுகை நாற்றத்தை 80 முதல் 90 விழுக்காடு வரை குறைக்கக்கூடும். அம்மோனியாவைப் பொறுத்தமட்டில் பயன் அதைவிடக் குறைவு.

புதுச்சேரிக் கடற்கரையில் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. இப்பகுதியில் பரவலாகப் பயிராகும் சவுக்கின் சில்லுகளை எடையளவில் 70 பங்கும், மட்கிய தொழுவுரத்தை 30 பங்கும் கலந்து படுகை அமைத்துப் பார்க்கலாம். தென்னை நார்க்கழிவு எளிதில் கிடைத்தாலும், அது மிக நுண்மையானது, நீரைப் பெரிதும் பிடித்துவைப்பது. ஆகவே தனியாக இட்டால் காற்றுவழியை அடைத்துவிடும். ஈரம் சரிபாதி அளவில் நிற்பதே படுகையின் உயிர்நாடி. கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. சித்திரை வெயிலில் நீர் தெளிக்காவிட்டால் நுண்ணுயிரிகள் மடியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வடிகாலும் மேற்கூரையும் இல்லாவிட்டால் படுகை ஊறி, தானே நாறத் தொடங்கும். எலி வளை தோண்டினால் காற்று அவ்வழியே தப்பி, சுத்திகரிக்கப்படாமல் வெளியேறிவிடும்.

இம்முறையின் எல்லைகளையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அது வெளியேறும் காற்றைத்தான் தூய்மையாக்குகிறது. கொட்டிலுக்குள் இருக்கும் மாடுகளும் தொழிலாளரும் சுவாசிக்கும் காற்றை அன்று. மேலும், காற்றை ஒரே வாயிலில் திரட்ட முடிந்த இடங்களில் மட்டுமே அது செயல்படும். நாமக்கல், பல்லடம் வட்டாரங்களில் காணப்படும், விசிறிகளால் காற்றோட்டம் அளிக்கப்படும் மூடிய கோழிக் கொட்டகைகளுக்கு இது பொருந்தக்கூடும் என்றாலும், அங்கும் எல்லா விசிறிகளுக்கும் படுகை அமைப்பது பெருஞ்செலவு. எப்போதும் ஓடும் சில விசிறிகளுக்கு மட்டும் அமைப்பதே நடைமுறைக்கு உகந்தது.

நாற்புறமும் திறந்த சிறு தொழுவத்தில் இத்தகைய வாயில் இல்லை. எனவே அங்கு முதலில் செய்ய வேண்டியது, தரையைச் சரிவாக்கிச் சிறுநீரைத் தனி வாய்க்காலில் வடியவிட்டு, சாணத்தை அன்றாடம் அள்ளி, எருக்குழியை மட்கிய உரத்தாலோ வைக்கோலாலோ மூடுவதாகும். மட்கிய உரப் போர்வையில் வாழும் நுண்ணுயிரிகளும் சிறு அளவில் வடிகட்டியின் வேலையைச் செய்கின்றன. நாற்றத்தை ஓர் ஊரின் விதியாக எண்ணிப் பொறுத்திருக்க வேண்டியதில்லை. பெரிய பண்ணைக்குப் படுகையும் சிறிய தொழுவத்துக்குப் போர்வையும் என அளவறிந்து வழி செய்வதற்கு உள்ளாட்சி அமைப்புகளும் கால்நடைத் துறையும் துணை நின்றால், மாடு வளர்ப்போரின் பிழைப்பையும் அயலாரின் மூச்சையும் ஒருசேரக் காக்க முடியும்.