ஸ்மார்ட் போனுக்கு ஒரு கடிவாளம்

செல்போன் என்றால் பேசுவதற்கு மட்டும் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று கடிகாரம், கேமரா, வங்கி, தபால் பெட்டி, தொலைக்காட்சி எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிட்டன. வசதிதான். ஆனால் இத்தனையும் ஒரே நேரத்தில் நம்மைக் கூப்பிட்டால் என்ன ஆகும்? என் அனுபவத்தையே சொல்கிறேன்.

சோழபுரத்தில் எங்கள் வீட்டில் காலை ஐந்தரை மணிக்கே என் போன் கூவ ஆரம்பித்துவிடும். பூ வைத்த காலை வணக்கப் படங்கள், தள்ளுபடி விளம்பரம், யாரோ எதற்கோ லைக் போட்ட செய்தி என்று மாலை வரை ஓயாது. பொறுக்க முடியாமல் ஒரு நாள் போனை மொத்தமாக சைலண்ட்டில் போட்டேன். நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் எடுத்துப் பார்த்தால், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தம்பியிடமிருந்து நான்கு மிஸ்டு கால். இரவு அம்மாவுக்குத் தலைசுற்றல் வந்து, அவனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறான். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மா என்னை எதுவும் கேட்கவில்லை. தம்பிதான், "ஏண்ணே, அப்புறம் எதுக்குண்ணே போன் வச்சிருக்க?" என்றான்.

அன்றுதான் புரிந்தது. போனின் வாயை மொத்தமாக அடைப்பது தீர்வல்ல. யார் கூப்பிட்டால் அது சத்தம் போட வேண்டும், யார் கூப்பிட்டால் சும்மா இருக்க வேண்டும் என்பதை நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதற்குத் தனி சாப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். எல்லாம் போனிலேயே இருக்கிறது.

முதலில் கணக்குப் பாருங்கள்

ஆண்ட்ராய்ட் போனில் "செட்டிங்ஸ்" சென்று "டிஜிட்டல் வெல்பீயிங்" என்ற பிரிவைத் திறந்திடுங்கள். கூகுள் நிறுவனம் 2018ல் இதனைக் கொண்டு வந்தது. அதே ஆண்டில் ஆப்பிள் தன் ஐபோன்களில் "ஸ்கிரீன் டைம்" என்ற பெயரில் இதே போன்ற வசதியைத் தந்தது. இன்று எத்தனை மணி நேரம் போன் பார்த்தீர்கள், எந்த அப்ளிகேஷனில் எவ்வளவு நேரம் போனது, எத்தனை முறை பூட்டைத் திறந்தீர்கள், எத்தனை அறிவிப்புகள் வந்தன என்று எல்லாம் அங்கு தெரியும். நான் பார்த்தபோது, பேசுவதற்குச் செலவான நேரம் மிகக் குறைவு. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்த வீடியோக்களே பெரும் பகுதியைத் தின்றிருந்தன.

இதில் நம் தவறு மட்டும் இல்லை. முன்பெல்லாம் இணையப் பக்கம் ஓர் இடத்தில் முடியும். அடுத்த பக்கம் வேண்டுமானால் கிளிக் செய்ய வேண்டும். முடிவே இல்லாமல் கீழே ஓடிக்கொண்டே இருக்கும் திரையை 2006ல் வடிவமைத்தவர் ஆசா ராஸ்கின் என்ற அமெரிக்கர். பின்னாளில் இதற்காக அவரே வருத்தம் தெரிவித்தார். நிறுத்தம் இல்லாத பஸ்ஸில் ஏறியவர் எங்கே இறங்குவது? நிறுத்தத்தை நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

யார் கூப்பிட்டால் மணி அடிக்க வேண்டும்?

முதல் வேலையாக, காண்டாக்ட்ஸ் பட்டியலில் வீட்டார், நெருங்கிய உறவினர், அவசரத்துக்கு உதவும் பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோரின் பெயரைத் திறந்து, மேலே உள்ள நட்சத்திரக் குறியைத் தட்டுங்கள். பின்னர் செட்டிங்ஸில் "டு நாட் டிஸ்டர்ப்" பகுதிக்குச் சென்று, அழைப்புகள் என்ற இடத்தில் நட்சத்திரமிட்டவர்களுக்கு மட்டும் அனுமதி என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை என்று நேரத்தையும் அமைத்துவிடலாம். இனி தம்பி கூப்பிட்டால் நடு இரவிலும் மணி அடிக்கும். விளம்பரக்காரர் கூப்பிட்டால் அடிக்காது.

பட்டியலில் இல்லாத ஒருவர் அவசரமாக அழைத்தால்? அதற்கும் வழி உண்டு. அதே இடத்தில் "ரிப்பீட் காலர்ஸ்" என்பதை இயக்கி வையுங்கள். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடங்களுக்குள் இரண்டாவது முறை அழைப்பு வந்தால் மணி அடிக்கும். ஐபோனில் இந்த அவகாசம் மூன்று நிமிடம். மெனுக்களின் பெயர் போன் கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறலாம். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் பெயரை டைப் செய்தால் கிடைத்துவிடும். அமைத்த பிறகு, வீட்டில் ஒருவரை அழைக்கச் சொல்லிச் சோதித்துப் பார்க்க மறவாதீர்கள்.

அறிவிப்புகளை வடிகட்டுங்கள்

அடுத்து, செட்டிங்ஸில் "நோட்டிபிகேஷன்ஸ்" பகுதியைத் திறந்திடுங்கள். அப்ளிகேஷன்களின் பட்டியல் கிடைக்கும். நான் பின்பற்றும் விதி இதுதான்: மனிதர் அனுப்புவது வரலாம், இயந்திரம் அனுப்புவது வரக்கூடாது. ஷாப்பிங், விளையாட்டு, வீடியோ ஆகியவற்றுக்கு எதிரே உள்ள பொத்தானை அணைத்துவிட்டேன். வங்கி அப்ளிகேஷனையும் எஸ்.எம்.எஸ்.ஸையும் மட்டும் தொடாதீர்கள். கணக்கிலிருந்து பணம் போனால் உடனே தெரிய வேண்டும் அல்லவா?

2022ல் வந்த ஆண்ட்ராய்ட் 13 முதல், புதிய அப்ளிகேஷன் எதுவும் அறிவிப்பு அனுப்பும் முன் உங்களிடம் அனுமதி கேட்கும். அவசரப்பட்டு "அலோ" தட்டாமல், யோசித்து பதில் கொடுங்கள்.

வியாபார அழைப்புகளுக்கு, "START" என்பதற்குரிய ஆங்கில எழுத்துக்களை டைப் செய்து, இடைவெளி விட்டு, பூஜ்யம் சேர்த்து 1909 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். ஓ.டி.பி. போன்ற தேவையான செய்திகள் இதனால் நிற்காது.

வாட்ஸ்அப்பை அடக்குவது எப்படி?

குரூப்பைத் திறந்து, மெனுவில் "மியூட்" தேர்ந்தெடுத்து, "ஆல்வேஸ்" என்பதைத் தட்டுங்கள். குரூப்பில் நீங்கள் இருப்பீர்கள். சத்தம் மட்டும் இருக்காது. குரூப்பை விட்டு வெளியேறி, "ஏன் மாப்பிள்ளை வெளியே போய்ட்டீங்க?" என்று சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் "ப்ரைவஸி", "குரூப்ஸ்" சென்று "மை காண்டாக்ட்ஸ்" என அமைத்தால், முகம் தெரியாதவர் உங்களை எந்தக் குரூப்பிலும் நேரடியாகச் சேர்க்க முடியாது. "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா" பகுதியில் தானாக இறங்கும் படங்களையும் வீடியோக்களையும் நிறுத்துங்கள். போனில் இடமும் மிச்சம், டேட்டாவும் மிச்சம்.

கம்ப்யூட்டர் இருக்கும்போது கவலை ஏன்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. இமெயில், செய்தித் தளம், வீடியோ, கட்டணம் செலுத்துதல் ஆகியவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள். கம்ப்யூட்டர் மேஜையில் இருக்கும். படுக்கைக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் பின்னால் வராது. வாட்ஸ்அப்பையும் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். போனில் "லிங்க்ட் டிவைசஸ்" தேர்ந்தெடுத்து, கம்ப்யூட்டர் திரையில் தெரியும் கட்டத்தை ஸ்கேன் செய்தால் போதும். பிறர் கம்ப்யூட்டரில் இதனைச் செய்தால், வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்திட வேண்டும்.

ஆனால் கம்ப்யூட்டரையும் இன்னொரு போனாக மாற்றிவிடாதீர்கள். இணைய தளம் ஒன்றைத் திறக்கும்போது, அறிவிப்பு அனுப்பலாமா என்று பிரவுசர் கேட்டால் "பிளாக்" கிளிக் செய்திடுங்கள். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிபிகேஷன்ஸ் சென்றால் "டு நாட் டிஸ்டர்ப்" வசதி அங்கும் உண்டு.

ஊரே சேர்ந்து அணைத்தது

மஹாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். கொரோனா காலத்தில் பாடத்துக்காகப் பிள்ளைகள் கையில் கொடுத்த போன், பள்ளி திறந்த பின்னும் கையை விட்டு இறங்கவில்லை. 2022ல் ஊரார் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஒலிக்கும். ஒன்றரை மணி நேரம் டிவி, போன் இரண்டையும் வைத்துவிட்டு, படிப்பது, பேசுவது என்று இருக்க வேண்டும்.

அதே 2022 டிசம்பரில், திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், தமிழகக் கோயில்களுக்குள் செல்போன் கொண்டு செல்வதைத் தடை செய்ய சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆண்டாள் சன்னிதியில் போன் இல்லாமல் நிற்க முடிகிறது என்றால், வீட்டில் ஒரு மணி நேரம் முடியாதா?

ஆலைச் சங்கு கேட்டு நேரம் பார்த்துப் பழகியவர்கள் நம் இராஜபாளையம் பக்கத்துக்காரர்கள். எங்கள் வீட்டிலும் ஒரு நேரம் வைத்திருக்கிறோம். இரவு எட்டு மணிக்கு எல்லாப் போன்களும் கூடத்து அலமாரியில் சார்ஜ் ஏறும். எழுப்புவதற்குப் பழைய அலாரம் கடிகாரத்தைத் தூசி தட்டி எடுத்தேன்.

போன மாதம் இரவு பதினோரு மணிக்கு அலமாரியில் மணி அடித்தது. ஓடிப் போய் எடுத்தேன். தம்பிதான். "ஒன்னுமில்லைண்ணே, எடுக்கிறியான்னு பார்த்தேன்" என்றான்.