பெரம்பூர் பஸ்ஸில் ஒரு சதவீதக் கணக்கு

தொழிலும் தொகையும் – 9

பெசன்ட் நகரில் புறப்பட்டு, அடையாறு, மந்தைவெளி, மயிலாப்பூர் என்று ஊரின் தெற்கையெல்லாம் தொட்டுக்கொண்டு பெரம்பூர் போய்ச் சேரும் 29சி பஸ்ஸில், காலை ஒன்பது மணிக்கு ஜன்னலோரத்து ஆசனம் வாய்ப்பது பூர்வ ஜன்ம புண்ணியத்தைப் பொறுத்த விஷயம் என்பதை அந்த மார்க்கத்தில் பிரயாணம் செய்கிறவர்கள் அறிவார்கள். அந்தப் புண்ணியம் சென்ற வாரம் எனக்குக் கிட்டியது. உணவுப் பண்டங்களும் துணிமணிகளும் ஒரு தேசத்தின் உற்பத்தித் தொழிலில் வகிக்கும் பங்கைப் பற்றிச் சென்ற இதழில் எழுதி முடித்துவிட்டபடியால், இந்த வாரத்துக்கு உரிய யந்திரங்களையும் போக்குவரத்துச் சாதனங்களையும் குறித்த உலக வங்கியின் அட்டவணையை மடியில் விரித்துக்கொண்டேன். அப்படிப்பட்ட ஒரு சாதனத்தின் வயிற்றுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே சிறிது நேரம் உறைக்கவில்லை.

ஐக்கிய நாடுகள் சபையின் பழைய தொழில் வகைப்பாட்டில் 382, 383, 384 என்ற மூன்று எண்களுக்குள் அடங்குபவையே இந்த அட்டவணை சொல்லும் பங்குக்கு உரியவை. தறியும் டிராக்டரும் முதல் எண்ணில். மின்மோட்டாரும் ரேடியோவும் அடுத்ததில். கப்பல், ரயில் பெட்டி, மோட்டார் கார், சைக்கிள் ஆகியவை மூன்றாவதில். ஆனால் இங்கே பங்கு போடப்படுவது விற்பனைத் தொகை அன்று, மதிப்புக் கூட்டல் என்பதை மறந்துவிட்டால் கணக்கே தலைகீழாகிவிடும். நூறு ரூபாய்க்கு விற்கும் காரில் எண்பது ரூபாய்ச் சரக்கு பெட்டி பெட்டியாகக் கடல் கடந்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நம் தேசத்துத் தொழிலின் கணக்கில் ஏறுவது மிச்சமுள்ள இருபது ரூபாய்தான்.

அடையாற்றில் இறங்கி, தரமணிக்கு வேறு பஸ் பிடிக்க வேண்டியிருந்த ஓர் இளைஞர், என் மடியிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார். ஐரோப்பியக் கம்பெனி ஒன்றின் லாரிக்குக் கியர் பெட்டியின் உறையைக் கணினியில் வரைவதுதான் தமக்கு உத்தியோகம் என்றார். "அப்படியானால் இந்த அட்டவணையில் நீங்களும் இருக்கிறீர்கள்" என்றேன். "இல்லை சார், நாங்க சர்வீஸ்" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனார். அவர் சொன்னதே சரி. அதே உறையை அதே மனிதர் தொழிற்சாலையின் மாடியறையில், அந்தத் தொழிற்சாலையின் சம்பளத்துக்கு வரைந்திருந்தால், அவருடைய ஊதியம் யந்திரத் தொழிலின் மதிப்புக் கூட்டலில் சேர்ந்திருக்கும். தரமணியில் தனி நிறுவனத்தின் நாற்காலியில் அமர்ந்து வரைவதால் அது சேவைத் துறைக்குப் போய்விடுகிறது. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் ஐ.ஐ.டி. எழுந்த நாள் முதலாக யந்திர சாஸ்திரம் கற்பித்துவரும் இந்த அடையாற்றுப் பிரதேசம், இந்தக் கணக்கைப் பொறுத்தவரையில் ஏறக்குறைய வெறும் தோப்புதான்.

மயிலாப்பூரைத் தாண்டி ஜெமினியை நோக்கிச் செல்கையில் டி.டி.கே. சாலை எதிர்ப்படுகிறது. மௌபரீஸ் ரோடு என்று பழையவர்கள் சொல்லிவந்த அந்தச் சாலைக்கு இப்போதைய பெயரைத் தந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி, அந்நியச் சரக்குகளுக்கு ஏஜென்டாக இருந்து வியாபாரத்தில் முன்னுக்கு வந்தவர். 1952இல் மத்திய வர்த்தக, தொழில் மந்திரியானதும், அந்நியச் சரக்கைப் பூட்டிப் பூட்டி விற்பவர்களின் காலம் அவருடைய ஆட்சியிலேயே முடிவுக்கு வந்தது விதியின் ஒரு விநோதம் என்றே எனக்குத் தோன்றும். பாகங்களை இங்கேயே தயாரிக்கத் திட்டம் வைத்திராத மோட்டார் கம்பெனிகளுக்கு இத்தேசத்தில் இடமில்லை என்பது 1953இல் சுங்கவரிக் கமிஷனின் சிபாரிசையொட்டிச் சர்க்கார் மேற்கொண்ட கொள்கை. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1954இல் கடையைக் கட்டின. ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தருவதற்கென 1948இல் பிறந்த எண்ணூர் அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்டாக உருமாறி லாரி, பஸ்களின் நிர்மாணத்தில் இறங்கியது. 1840இல் தொடங்கிக் கோச்சு வண்டிகள் கட்டிவந்து, 1903இலேயே ஒரு நீராவிக் காரைச் சென்னை வீதியில் ஓட்டிக்காட்டிய சிம்ப்ஸன் கம்பெனி, டீசல் என்ஜின் தயாரிப்பில் புகுந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். ஃபோர்டு 1990களில் மறைமலை நகருக்குத் திரும்பி வந்ததும், 2021இல் மறுபடியும் விடைபெற்றுக்கொண்டதும் வாசகர்கள் கண்ணால் கண்ட கதை.

பெரம்பூர் நெருங்கியபோது அட்டவணையை மடித்துவிட்டேன். மதிப்புக் கூட்டல் என்பதன் அர்த்தத்தை இங்குள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலையைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் உபதேசிக்காது. ஸ்விட்சர்லாந்துக் கம்பெனி ஒன்றின் ஒத்துழைப்போடு எழுந்து, 1955ஆம் வருஷம் காந்தி ஜயந்தியன்று நேருவால் திறந்துவைக்கப்பட்ட அது, முதலில் செய்தது பெட்டியின் கூட்டை மட்டுமே. ஆசனம், மின்விசிறி, கதவு, குழாய் ஆகிய உள்ளலங்காரங்களைச் செய்யும் பிரிவு, சரியாக ஏழு வருஷம் கழித்து 1962இல் இன்னொரு காந்தி ஜயந்தியன்றுதான் ஆரம்பமாயிற்று. 2018இல் இங்கிருந்து வந்தே பாரத் வண்டியும் புறப்பட்டது.

இவையெல்லாம் எண்ணப்படும் விதத்தில் ஒரு வேடிக்கை உண்டு. நம் தேசத்தில் இந்தப் புள்ளிவிவரங்களுக்கு ஆதாரமாக விளங்கும் வருடாந்தரத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு, மின்சக்தியோடு பத்துப் பேரோ அது இல்லாமல் இருபது பேரோ வேலை செய்யும், பதிவு பெற்ற தொழிற்சாலைகளையே முக்கியமாக எண்ணுகிறது. ராணுவ ஸ்தாபனங்கள் அதன் வரம்புக்குப் புறம்பு. ரயில்வேயின் துறைப் பணிமனைகளையும் போக்குவரத்துக் கழகப் பணிமனைகளையும், வேறு வழியாக அவற்றின் விவரம் கிடைக்கிறது என்ற காரணத்தால், 1998-99 முதல் விலக்கி வைத்திருக்கிறார்கள். புதுப்பேட்டையில் பழைய காரைக் கழற்றி, தேய்ந்த பாகத்துக்கு மறுஜன்மம் கொடுக்கும் இரண்டாள் பட்டறையும் இந்தக் கண்ணில் படாது. நான் ஏறி வந்த பஸ்ஸை ராத்திரியில் பழுதுபார்த்து விடிவதற்குள் ஓட வைத்தவர்களும் படமாட்டார்கள். நியாயமில்லை என்று நான் வாதாடப் போவதில்லை. எண்ணுகிறவர்கள் எங்கேயாவது கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்!

எனக்குள்ள சங்கடம் வேறு. பெரம்பூர் எல்லையிலேயே, ரயில் பெட்டிகள் செய்யப்படும் இடத்துக்கு வெகு தூரமில்லாமல், பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்து, காக்கித் துணிக்குப் பெயர் பெற்று, 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாகக் காரணமாய் நின்ற அந்த ஆலை 1996இல் மூடப்பட்டது. நெசவு குறைந்தால், ஒரு திருகாணியைக்கூடக் கூடுதலாகச் செய்யாமலே யந்திரங்களின் பங்கு உயர்ந்துவிடும். அது வகுத்தல் கணக்கின் சுபாவம். ஆலைச் சங்கு நின்றுபோன அந்த வருஷத்தில், உலக வங்கியின் அட்டவணையில் இந்தியாவுக்கு உரிய கட்டத்தில், தசம ஸ்தானங்கள் பல தள்ளியாவது, நம்முடைய யந்திரப் பங்கு ஓர் அணுவளவு உயர்ந்திருக்க வேண்டும்.

(தொடரும்)