தேடலில் மறைந்தால் போதுமா?

"லிங்க்கை யாருக்கும் கொடுக்கவே இல்லையே, எப்படி வெளியே போச்சு?" பள்ளியோ, குடியிருப்போர் நலச் சங்கமோ, சின்ன கிளினிக்கோ, பெயரும் செல்பேசி எண்ணும் உள்ள பட்டியல் கூகுளில் தெரிந்ததும் முதலில் எழும் கேள்வி இது. 2020 பிப்ரவரியில் வாட்ஸ்அப் குழுக்களின் அழைப்பு லிங்க்குகள் லட்சக்கணக்கில் கூகுள் தேடலில் வந்து நின்றன. யாரும் எதையும் உடைத்துத் திருடவில்லை. எங்கோ ஒரு பொதுப் பக்கத்தில் யாரோ அந்த லிங்க்கைப் போட்டிருந்தார்கள். தேடுபொறியின் தானியங்கி அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனது. லிங்க் நம் கையை விட்டுப் போனபின் அது எங்கே ஒட்டப்படும் என்பது நம் பொறுப்பில் இல்லை.

இணையதளம் வைத்திருப்பவர்கள் வழக்கமாக நம்பியிருப்பது ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற சிறு கோப்பை. 1994ல் மார்டைன் கோஸ்டர் முன்வைத்த ஏற்பாடு அது. 2022ல்தான் முறையான இணையத் தரநிர்ணயமாக வெளியானது. 'இந்தப் பக்கம் வராதே' என்று தானியங்கிகளுக்குச் சொல்லும் கோப்பு. மதில்சுவரில் 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று எழுதி வைப்பது போலத்தான்: மதிப்பவர் மதிப்பார். அதோடு, அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். மறைக்க நினைத்த கோப்புறைகளின் பெயர்களை அதில் வரிசையாக எழுதி வைத்தால், தேடி வருபவனுக்கு நாமே வழி சொன்னதாகிவிடும்.

தேடல் முடிவில் பக்கம் வரக்கூடாது என்றால் அதற்குரியது நோஇண்டெக்ஸ் என்ற குறி. பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரே ஒரு வரி. பிடிஎஃப், எக்செல் கோப்புகளில் அந்த வரியைச் சேர்க்க முடியாது. சர்வர் அனுப்பும் பதிலிலேயே குறியைச் சேர்க்க வேண்டும். இந்தக் கோப்புகளிலும் கசிவு நடக்கலாம் என்பதால், தளத்தைச் செய்து கொடுத்தவரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள்.

பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இரட்டைப் பாதுகாப்பு என்று எண்ணி, ரோபோட்ஸ் கோப்பிலும் தடுத்து நோஇண்டெக்ஸ் குறியும் வைப்பார்கள். தடுத்துவிட்டதால் கூகுள் உள்ளே வராது. வராததால் குறியைப் பார்க்காது. வேறு தளத்தில் அந்த முகவரி இருந்தால், விவரம் ஏதும் இல்லாமல் முகவரி மட்டும் தேடலில் வந்துவிடும். குறி வேலை செய்ய வேண்டுமானால் கதவைத் திறந்து வைத்தே ஆக வேண்டும். ஆகவே இரண்டில் எதுவுமே ரகசியத்துக்கு உதவாது. பிறர் பார்த்தால் கெடுதல் வரும் என்ற தகவலுக்குக் கடவுச்சொல் கேட்கும் பக்கம் வேண்டும், இல்லையென்றால் அதை இணையத்தில் ஏற்றவே கூடாது.

இது அரசுக்கும் பொருந்தும். 2017ல் மத்திய, மாநில அரசுகளின் சுமார் 210 இணையதளங்களில் பயனாளிகளின் பெயர், முகவரியோடு ஆதார் எண்ணும் பொதுவில் கிடந்தது. ஓய்வூதியமும் உதவித்தொகையும் வாங்கும் எளிய மனிதர்களின் விவரங்கள் அவை. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்று ஆதார் சட்டத்தின் 29வது பிரிவு அப்போதே சொல்லியிருந்தது. உங்கள் எண் அப்படி எங்காவது தெரிந்தால், அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே வெளியிட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

உங்கள் தளத்தில் என்னென்ன வெளியே தெரிகிறது என்று பார்க்க, கூகுளில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும் போட்டு, இடைவெளி விடாமல் தள முகவரியைத் தட்டுங்கள். ஏதாவது தட்டுப்பட்டால் முதலில் மூலத்தை நீக்குங்கள் அல்லது பூட்டுங்கள். அதன் பிறகே, தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் நீக்கக் கோரிக்கை. அந்தக் கோரிக்கை சுமார் ஆறு மாதங்களுக்குத்தான் மறைக்கும். மூலம் அப்படியே இருந்தால் மீண்டும் வரும். பிங் போன்ற மற்ற தேடுபொறிகளுக்குத் தனித்தனியாக எழுத வேண்டும். பக்கம் அடுத்தவருடையது, அவர் பதில் சொல்லவில்லை என்றாலும் வழி இருக்கிறது: வங்கிக் கணக்கு எண், அடையாள எண், கையெழுத்துப் படம், மருத்துவ ஆவணம், வீட்டு முகவரி போன்றவற்றைத் தேடலிலிருந்து நீக்கக் கோரும் படிவம் கூகுளிலேயே உண்டு.

தேடலிலிருந்து பெயரை நீக்கக் கேட்கும் உரிமையில் சட்டத்தின் நிலை நம் நாட்டில் இன்னும் தெளியவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2014 மே மாதம், ஸ்பெயின்காரர் ஒருவரின் பழைய கடன் விவகாரம் அவர் பெயரைத் தேடும்போது வரக்கூடாது என்றது. செய்தித்தாளின் பக்கத்தை அழிக்கச் சொல்லவில்லை. இங்கே, வழக்கிலிருந்து விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பு நகலிலிருந்து மறைக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. தீர்ப்புகள் பொதுச்சொத்து, அவை இருக்கட்டும். ஆனால் குற்றமற்றவர் என்று நீதிமன்றமே சொன்ன பிறகும், வேலைக்கும் வரனுக்கும் பெயரைத் தட்டுகிறவர்களுக்கு முதலில் வந்து நிற்பது அந்த வழக்கு என்றால் விடுதலைக்கு என்ன பொருள்? ஐரோப்பா எடுத்த நடுவழி நமக்கும் நியாயமானதாகவே படுகிறது.

அந்தரங்கப் படங்கள் விஷயத்தில் சட்டம் வேகமாக நகர்கிறது. 2021ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், பாதிக்கப்பட்டவர் அல்லது அவர் சார்பில் ஒருவர் புகார் தந்த 24 மணி நேரத்துக்குள் தளத்தை நடத்தும் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அப்போது வகுத்தன. பக்கத்தின் முழு முகவரியையும் தேதி, நேரத்தையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். சாட்சிக்காகப் படத்தை வேறொருவருக்கு அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் அந்தத் தளத்தில் தரலாம். குறைதீர் அலுவலரின் முடிவு திருப்தி தராவிட்டால் 30 நாட்களுக்குள் மத்திய அரசு அமைத்துள்ள மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். அதற்கும் ஆன்லைனிலேயே விண்ணப்பித்தால் போதும்.